முட்டைக்கு அடுப்படியில் மருந்து உண்டா?

விடிந்தும் விடியாத நேரத்தில் அப்பத்தா பஞ்சாரத்தின் ஓர் ஓரத்தை மட்டும் தூக்குவாள். முழுதாகத் திறந்துவிட மாட்டாள். உள்ளே கைவிட்டுப் பெட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, வாலடியில் சுண்டுவிரலால் தடவிப் பார்ப்பாள். முட்டை தட்டுப்பட்ட கோழி பஞ்சாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். மற்றவை குப்பைமேட்டுக்குப் போகலாம். "இன்னைக்கு ரெண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். கணக்கு தப்பியதாக எனக்கு நினைவில்லை. வைக்கோல் படப்புக்குள்ளும் சீமைக்கருவேலம் புதருக்குள்ளும் போய்க் கள்ளத்தனமாக முட்டையிடும் கோழியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இன்றும் இல்லை. "என் கோழி முட்டையே வைக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் வீட்டுக் கோழி வேறெங்கோ வைத்துக்கொண்டுதான் இருக்கும்.

உண்மையாகவே நிறுத்திவிட்ட கோழிக்கு ஊரெல்லாம் வைத்தியம் உண்டு. முட்டை ஓட்டை இடித்துப் போடு என்பார் ஒருவர். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வை என்பார் இன்னொருவர். கருவாட்டுத் தலை, முளைகட்டிய கம்பு, மிளகாய்ப்பொடி, வெந்தயம், பூண்டு, மஞ்சள் எனப் பட்டியல் நீளும். இப்போது ஆப்பிள் சிடர் வினிகரும் ஆப்பசோடாவும் அதில் சேர்ந்திருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கோழியின் உடம்பு இயங்கும் விதத்தோடு பொருத்திப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு இது: சில பலிக்கின்றன. தீனியில் விட்டுப்போன ஏதோ ஒன்றை நிரப்புவதால் அவை பலிக்கின்றன. விட்டுப்போகாத ஒன்றை எவ்வளவு கொட்டினாலும் ஒரு முட்டைகூடக் கூடுதலாக வராது.

முட்டை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அதில் ஒரு மஞ்சள் கரு வேகமாகப் பருத்து முதிர்வதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். முதிர்ந்து விழுந்த கரு, வெள்ளையும் சவ்வும் ஓடும் சேர்ந்து முட்டையாக வெளியே வர 24 முதல் 26 மணி நேரம். அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஆகவே, "நேற்று வெந்தயம் போட்டேன், இன்று முட்டை வைத்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், அந்த முட்டையின் கரு போன வாரமே வளரத் தொடங்கியது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

நாட்டுக்கோழி முட்டை ஒன்று சுமார் 40 கிராம் இருக்கும். அதில் 27 கிராம் தண்ணீர், நாலரை கிராம் புரதம், நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு, நாலு கிராம் ஓடு. முட்டையிடும் கோழி இவ்வளவையும் தன் உடம்பிலிருந்து எடுத்து வெளியே வைக்கிறது. வீட்டு வைத்தியம் எதுவானாலும் இந்தக் கணக்கில் எந்த இடத்தை நிரப்புகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஓட்டிலிருந்து தொடங்குவோம். நாலு கிராம் ஓட்டில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ஒன்றரை கிராம். தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும் என்று வைத்தாலும் முட்டையிடும் நாளில் கோழிக்கு மூன்று கிராம் கால்சியம் வேண்டும். கம்பிலும் சோளத்திலும் அரிசியிலும் கால்சியம் மிக மிகக் குறைவு. மேயப் போகிற கோழி இதை எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறது. பழைய காரைச் சுவரின் அடியில் நின்று விடாமல் கொத்தும். மழைக்குப் பிறகு வரப்பில் நத்தைகளைத் தேடித் தின்னும். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் கோழியின் எட்டும் உயரம் வரைக்கும் வெள்ளையடித்த பூச்சு உதிர்ந்தே கிடக்கும். சிமெண்டுத் தரையும் பெயிண்டு சுவரும் வேலியும் உள்ள வீட்டில் வளரும் கோழிக்கு அந்த வழி அடைபட்டுப்போகிறது. முதலில் ஓடு மெலியும், பிறகு தோல்முட்டை வரும், கடைசியில் முட்டையே நின்றுபோகும். கோழி தன் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு வைத்திருக்கிறது. மஜ்ஜைப் பகுதியில் உருவாகும் அந்தத் தனி எலும்பைக் கரைத்துத்தான் இரவில் ஓடு கட்டுகிறது. சேமிப்பும் தீர்ந்தால் கால் எலும்பே பலவீனமாகும்.

ஆகவே ஓடு இடித்துப் போடும் வைத்தியம் முழுக்க முழுக்கச் சரி. ஆனால் செய்முறையில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, ஓட்டை இருப்புச் சட்டியில் நன்றாக வறுத்து, கிருமி போனபின் இடிக்க வேண்டும். முட்டை வடிவம் தெரியும்படி பாதி ஓடாகப் போட்டால் கோழி முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு, மாவாக அரைக்கக் கூடாது. அப்பத்தா அம்மியில் வைத்து ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. கல் உப்பு அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள். காரணம் கேட்டால் "கோழிக்குப் பல்லா இருக்கு, பொடியத் தின்ன?" என்பாள். உண்மைக் காரணம் இன்னும் அழகானது. கரடுமுரடான துண்டு கோழியின் கல்லீரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அரைவைப் பையில் தங்கி, மெல்ல மெல்லக் கரைகிறது. ஓடு கட்டுகிற இரவு நேரத்தில், மேய்ச்சல் இல்லாத வேளையில், அது கால்சியத்தைத் தந்துகொண்டிருக்கும். மாவு பகலிலேயே கடந்து போய்விடும். கடலோர ஊர்களில் கிடைக்கும் கிளிஞ்சலும் இதே வேலையைச் செய்யும். நாமக்கல் பண்ணைத் தீனியிலும் கிளிஞ்சல் சேர்கிறது. முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

சுண்ணாம்புத் தண்ணீரின் கதை வேறு. நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம்கூடக் கரையாது. அந்தத் தெளிநீரில் இருக்கும் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. கோழி ஒரு நாளில் கால் லிட்டர் குடித்தாலும் அதற்குக் கிடைப்பது கால் கிராமுக்கும் குறைவு. தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தெளியாமல் கலக்கி வைத்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். இதை விட்டுவிடுவதே நல்லது. ஓட்டுத் துண்டுகளையும் தீனியோடு கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய நேரத்தில், பெரும்பாலும் சாயங்காலம், தானே எடுத்துக்கொள்ளும். முட்டைக்கு வராத விடைக்கோழிக்கும் குஞ்சுக்கும் அதிகக் கால்சியம் போனால் சிறுநீரகம் கெடும்.

அடுத்தது மீந்த சோறு. வீட்டுக் கோழியின் முதல் தீனி அதுதான். அதைப் பற்றி உலகுக்கே பாடம் சொன்னவை சில கோழிகள். 1890களில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வகக் கோழிகள் திடீரெனக் கால் தள்ளாடி விழத் தொடங்கின. சில மாதங்களில் தாமாகவே தேறியும் விட்டன. விசாரித்தபோது ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டு வந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத மட்ட அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த பொருள்தான் அவற்றைக் காப்பாற்றியது. பிற்பாடு அது தயாமின் என்ற வைட்டமினாக அறியப்பட்டது. எய்க்மான் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். தீட்டிய அரிசிச் சோற்றையே கோழிக்கு முழுத் தீனியாகப் போடுகிறவர்கள் இந்தக் கதையை நினைவில் வைக்க வேண்டும். நூறு கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராம் அளவுதான். இரைப்பை நிறையச் சோறு தின்ற கோழி மேயவும் போகாது. நிழலில் படுத்துக் கொழுப்பு வைக்கும், முட்டை வைக்காது. அதே சோற்றோடு ஒரு கை தவிடும் கொஞ்சம் பிண்ணாக்கும் பிசைந்து வைப்பது நல்ல தீனி.

என் கணிப்பில் வீட்டுக் கோழியின் பெரிய குறை புரதம்தான். முட்டைக் கோழித் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. கம்பும் சோளமும் 10, 11 சதவீதத்தோடு நின்றுவிடும். கருவாட்டுத் தலை போட்டதும் முட்டை கூடுகிறது என்று கடலோரத்துப் பெண்கள் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல. மீனின் புரதத்தில் மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு பகுதிகளும் நிறைய உண்டு. தானியத்தை நம்பியிருக்கும் கோழிக்குக் குறைவுபடுவது அவையே. உப்பு மட்டும் எச்சரிக்கை: ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவிப் போட வேண்டும். மீன் கிடைக்காத ஊரில் எள்ளுப் பிண்ணாக்கு மெத்தியோனினைத் தரும். அதில் குறைவாக உள்ள லைசினைப் பயறு வகைகள் ஈடுகட்டும்.

கரையானை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு, வைக்கோல் எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானைக்குள் வெள்ளையாகக் கரையான் மொய்த்திருக்கும். அதைத் தூக்கிவந்து உதறும்போது கோழிகள் ஓடிவருகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தீனி என்று விளக்க வேண்டியதில்லை. குஞ்சுக்கும் நல்லது, முட்டையிடும் கோழிக்கும் நல்லது. செலவு ஒரு பானை.

தொட்டித் தண்ணீரில் வளர்க்கும் அசோலாவைப் பற்றி இன்று மிகையாகப் பேசுகிறார்கள். காய்ந்த அசோலாவில் நாலில் ஒரு பங்கு புரதம் என்பது சரி. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலா நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர். நூறு கிராம் அள்ளிப் போட்டால் கோழிக்குக் கிடைக்கும் புரதம் ஒன்றரை கிராம். கீரையாக அது நல்லது, தீனிக்கு மாற்றாக அல்ல. முருங்கைக்கீரையும் அப்படித்தான். மஞ்சள் கருவுக்கு நிறம் தரும் லூட்டின் போன்ற பொருள்களும் கால்சியமும் அதில் உண்டு.

கடலைப் பிண்ணாக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ளது. ஆனால் ஈரம் பட்டு நூல் பூத்த பிண்ணாக்கை ஒருபோதும் போடக்கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு அது என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பூத்த பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுவதும் தவறு. நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். கொஞ்சமாகத் தின்றால் கோழி சாகாது, ஈரல் கெட்டு முட்டை குறையும். நாம் அதற்கு வெந்தயம் ஊறவைத்துக்கொண்டிருப்போம். பருத்திக்கொட்டை, வேகாத சோயா, சவுண்டல் இலை ஆகியவையும் முட்டைக் கோழிக்கு ஆகாதவை.

இனி உறைப்பும் மணமும் உள்ளவை. மிளகாய்ப்பொடி கோழியின் உடம்பைச் சூடாக்கி முட்டையைத் தூண்டும் என்பது நம் ஊரிலும் மேல்நாட்டிலும் உள்ள பழைய நம்பிக்கை. கோழிக்கு மிளகாய் உறைப்பதே இல்லை. ஸ்வென்-எரிக் ஜோர்ட்டும், 2021-இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நமக்கு உறைப்பை உணர்த்தும் நரம்பு உணர்வாங்கி கோழியிடமும் இருக்கிறது, ஆனால் மிளகாயின் காரப்பொருள் அதைத் தொடுவதில்லை என்று காட்டினார்கள். பறவைகள் மிளகாய்ப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது இதனால்தான். முட்டையைக் கொத்திக் குடிக்கும் கோழியைத் திருத்த, காலி ஓட்டுக்குள் மிளகாய்ப்பொடியைக் குழைத்து வைப்பவர்கள் உண்டு. அது ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இதுவே விடை. சிவந்த மிளகாயின் நிறம் மட்டும் மஞ்சள் கருவில் ஏறும். கரு ஆரஞ்சாகும், எண்ணிக்கை ஏறாது.

வெந்தயம் தாய்ப்பாலுக்கு நல்லது என்ற நம்பிக்கையிலிருந்து கோழிக்கு வந்திருக்க வேண்டும். சுரப்பது எல்லாம் ஒன்றே என்ற ஒப்புமை. ஆனால் தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற அதே சுரப்பி நீர்தான் கோழியை அடைக்கு உட்காரவைத்து முட்டையை நிறுத்துகிறது. பாலுக்கு உதவுவது முட்டைக்கும் உதவும் என்ற எண்ணத்துக்குக் கோழியின் உடம்பில் இடமில்லை. வெந்தயத்தையும் பூண்டையும் தீவனத்தில் கலந்து செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மஞ்சள் தூள் காயத்துக்கும் வயிற்றுக்கும் நாம் போடுவது. முட்டைக்கு அதனிடம் தனி வேலை இல்லை. வினிகரும் அவ்வளவே. அதைத் தகர வாளித் தண்ணீரில் ஊற்றினால் துத்தநாகம் கரைந்து கோழிக்கு நஞ்சாகும்.

அப்படியானால் "நான் போட்டேன், முட்டை வந்தது" என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? பொய்யில்லை. நாட்டுக்கோழி ஈடு ஈடாக முட்டையிடுகிறது. பன்னிரண்டு, பதினைந்து வைத்ததும் நிறுத்தும், அடை இருக்கும், ஓயும், மறுபடி தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இறகு உதிர்க்கும் கோழியும் நிறுத்தும். இறகு ஏறத்தாழ முழுவதும் புரதம். புது இறகு முளைக்கும் வரை புரதமெல்லாம் அங்கே போகும். நாம் வைத்தியத்தைத் தொடங்குவது எப்போதும் அது ஓய்ந்திருக்கும் காலத்தில்தான். இரண்டு, மூன்று வாரத்தில் அது தானே தொடங்க வேண்டிய நாளும் வந்துவிடும். பேர் வெந்தயத்துக்குப் போகிறது. உண்மை தெரிய வேண்டுமானால், ஒரே வயதுக் கோழிகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரே தீனி போட்டு, ஒரு பங்குக்கு மட்டும் அந்தப் பொருளைக் கொடுத்து, இரண்டு மாதம் காலண்டரில் முட்டைக் கணக்கு எழுதிப் பாருங்கள். ஒரு கோழியை வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஆப்பசோடாவுக்கு மட்டும் ஒரு சலுகை தருவேன். கோழிக்கு வியர்வை கிடையாது. சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியே சூட்டை இறக்குகிறது. அந்த மூச்சில் கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுவதால் ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட் இரத்தத்தில் குறைகிறது, ஓடு மெலிகிறது. உச்சி வெயில் நாட்களில் மட்டும் குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் சோடா கலப்பதற்கு இதுவே நியாயம். அதைவிடப் பெரிய மருந்து தண்ணீரேதான். கோழி தின்னும் தீனியின் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும்; வெயிலில் இன்னும் அதிகம். மத்தியானம் காய்ந்துகிடக்கும் சட்டி ஒன்று போதும், இரண்டு நாள் முட்டை போய்விடும். தண்ணீரை மண்சட்டியில் வேப்பமர நிழலில் வைத்து இரண்டு வேளை மாற்றுவதைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

வெளிச்சத்தையும் யாரும் சேர்ப்பதில்லை. முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் உகந்தது. தமிழ்நாட்டில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், ஆனியில்கூடப் பதிமூன்றைத் தாண்டாது. கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் வெளிச்சத்தையும் கோழியின் மூளை நேரடியாக உணர்கிறது. மார்கழியில் எட்டு மணி வரை சாக்குப் போட்டு மூடிய பஞ்சாரத்துக்குள் அடைத்து வைப்பது இருக்கும் வெளிச்சத்தையும் பறிப்பதாகும்.

மருந்துக்கடையில் மனிதருக்கான டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கி உடைத்துப் போடும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும் மருந்து, முட்டையிலும் தங்கும். அந்த முட்டையை நம் பிள்ளைகள்தான் தின்கிறார்கள். உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தருவதை இந்தியா 2019-இல் தடைசெய்தது, கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் என்ற அச்சத்தால்தான். கழிச்சல் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நாட்டுக்கோழியின் முட்டைக் கணக்கைத் தீர்மானிப்பது கடைசியில் அடைதான். 21 நாள் அவயம், பிறகு குஞ்சோடு இரண்டு மாதத்துக்கு மேல் அலைச்சல். ஆண்டில் மூன்று, நாலு ஈட்டுக்கு மேல் எப்படி வரும்? அடையைத் தெளியவைக்கத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் ஊரில் உண்டு. இறகு செருகுவது வெறும் வதை, அதை விட்டுவிட வேண்டும். தண்ணீரில் முக்குவதன் பின்னால் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது: கூட்டின் சூடு கோழியின் மொட்டை வயிற்றில் படப் பட அடைச் சுரப்பு ஏறும், வயிறு குளிர்ந்தால் இறங்கும். கோழியை நனைக்காமலேயே அதைச் செய்யலாம். அடியில் காற்று புகும் கம்பிக் கூண்டில், கூடும் வைக்கோலும் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று, நாலு நாள் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். குஞ்சு பொரித்த கோழியானால், குஞ்சுகளைப் பல்பு வெளிச்சத்துச் சூட்டில் தனியே வளர்த்தால் தாய் சீக்கிரம் அடுத்த ஈட்டுக்கு வரும்.

அடை வராமல் தள்ளிப்போட அப்பத்தாவுக்கு ஒரு வழி தெரியும். முட்டைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் கோழிக்கு உட்காரத் தோன்றும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் கூட்டிலிருந்து அன்றைய முட்டையை எடுத்துவிடுவாள். ஒன்றே ஒன்றை மட்டும், அடுப்புக் கரியால் குறுக்கே கோடு கிழித்து, அங்கேயே விட்டுவைப்பாள். பன்னிரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டிய கோழி அந்த ஒற்றை முட்டையை நம்பி இருபதைத் தாண்டும். வீட்டில் எத்தனை விருந்தாளி வந்தாலும், குழம்புக்கு முட்டை எத்தனை குறைந்தாலும், கரிக்கோடு போட்ட அந்த முட்டையை யாரும் தொடக்கூடாது.